மூன்றாவது வரி எது? ஜேகுவெரியில் இடம் எண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் கோயிலிலிருந்து மூன்றாவது வீதி எது என்று கேட்டால் இரண்டு பதில் வரும். கோயிலுக்குள்ளேயே இருக்கும் ஆடி வீதியிலிருந்து எண்ணுகிறவருக்கு ஆவணி மூல வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதியில் தொடங்குகிறவருக்கு மாசி வீதி. ஜேகுவெரி (jQuery) என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில், வெப் பக்கத்தின் ஒரு துண்டான எலிமென்ட்டை அது இருக்கும் இடத்தை வைத்துப் பிடிக்கும்போது வரும் குழப்பத்தில் பாதி இதுதான்.

ஜேகுவெரியின் ஈக்யூ (eq) பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஈக்யூ(2) என்றால் மூன்றாவது. பக்கத்துக்கு நிறமும் வடிவமும் தரும் சிஎஸ்எஸ்ஸிலிருந்து வந்த என்த்-சைல்டு (nth-child) ஒன்றிலிருந்து எண்ணும். அங்கே 2 என்றால் இரண்டாவதேதான். வரி விட்டு வரி நிறம் அடிக்கும்போது கேட்கவே வேண்டாம். ஜேகுவெரியின் ஈவன் 0, 2, 4 என்று எடுப்பதால் நம் கண்ணுக்கு 1, 3, 5-ஆம் வரிகள் மாட்டும். என்த்-சைல்டில் ஈவன் போட்டால் 2, 4, 6. ஸ்டைல் ஷீட்டில் ஒன்றும் ஸ்கிரிப்டில் மற்றொன்றும் எழுதினால் எல்லா வரியிலும் நிறம் ஏறிவிடும்.

எண்ணிக்கையைவிட அதிகம் ஏமாற்றுவது என்த்-சைல்டின் பொருள். எலிமென்ட்டுகளுக்கு நாம் வைக்கும் கிளாஸ் பெயரோடு சேர்த்து என்த்-சைல்டு(3) எழுதிவிட்டு, அந்த கிளாஸ் உள்ளவற்றில் மூன்றாவது வரும் என்று காத்திருப்போம். அது அப்படிப் பார்க்காது. தாய் எலிமென்ட்டை வீடு என்றும் கிளாஸை நீலச் சட்டை என்றும் வைத்துக்கொண்டால், வீட்டில் மூன்றாவது பிள்ளை யார், அவன் நீலச் சட்டை போட்டிருக்கிறானா என்று பார்க்கும். நீலச் சட்டைக்காரர்களை வரிசையில் நிறுத்தி மூன்றாமவனைக் கூப்பிடாது. மேலே ஒரு தலைப்பு எலிமென்ட் இருந்தால் அதுவும் ஒரு பிள்ளைதான். தவிர, ஒரே வெப் பக்கத்தில் பத்து டேபிள் இருந்தால் என்த்-சைல்டு ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரைப் பிடிக்கும். ஈக்யூ மொத்தக் கூட்டத்திலும் ஒருவரை மட்டுமே பிடிக்கும்.

டேபிளுக்கு நேர்ப் பிள்ளையாக, வரியைக் குறிக்கும் டிஆரைத் (tr) தேடி ஒன்றும் கிடைக்காமல் விழிப்பவர்களும் உண்டு. வரிகளைச் சுற்றி நிற்கும் டிபாடியை (tbody) நாம் எழுதாவிட்டாலும் பிரவுசர் நடுவில் அதைச் செருகிவிடும். ஈக்யூவையும் கெட்டையும் (get) ஒன்றாக நினைப்பதும் தவறு. கெட்(0) ஜேகுவெரியின் வசதிகள் இல்லாத வெறும் எலிமென்ட்டைத் தரும். அதில் ஜேகுவெரியின் சிஎஸ்எஸ் மெத்தடைக் கூப்பிட்டால் எரர். ஈக்யூ(0) தருவதில் அந்த மெத்தட் வேலை செய்யும்.

லூப் போட்டு ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகத் தேடி, ஈக்யூ(ஐ) வரியை அழிப்பது இன்னொரு வம்பு. ஒன்று போனதும் பின்னால் இருப்பவை முன்னே நகரும். ஒன்று விட்டு ஒன்று தப்பிக்கும். கடைசியிலிருந்து அழித்து வாருங்கள்.

எலிமென்ட்டைத் தேடக் கொடுக்கும் குறிப்பான செலக்டருக்குள் எழுதும் ஈக்யூ, ஈவன், ஆட், ஃபர்ஸ்ட் போன்றவை ஜேகுவெரியின் 3.4 பதிப்பிலிருந்தே கைவிடப்படும் பட்டியலில் உள்ளன. அவை சிஎஸ்எஸ்ஸில் இல்லாதவை. பிரவுசரின் வேகமான தேடலுக்குள் போகாது. முதலில் சாதாரண செலக்டரால் பிடித்து, பிறகு ஈக்யூவை மெத்தடாகக் கூப்பிடுவதே சரி. ஈவன், ஆட் இரண்டுக்கும் மெத்தட் 3.5-இல்தான் வந்தது.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் நான் அடி வாங்கினேன். மாட்டுத்தாவணி பூ வியாபாரி ஒருவருக்கு விலைப் பட்டியல் பக்கம் செய்தேன். மல்லி மூன்றாவது வரி, அதற்கு மட்டும் மஞ்சள் நிறம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அவர் மேலே தாமரையைச் சேர்த்தார். மஞ்சள் நிறம் பிச்சிக்குப் போய்விட்டது. "தம்பி, மல்லி எங்கப்பா?" என்று விடியற்காலையில் போன். இப்போது ஒவ்வொரு வரியிலும் பூவின் பெயரை டேட்டா அட்ரிபியூட்டாக, அதாவது எலிமென்ட்டோடு நாமே ஒட்டும் தகவலாக வைத்து, அதைக் கொண்டே தேடுகிறேன். அவர் எத்தனை பூவை மேலே ஏற்றினாலும் மல்லிதான் மஞ்சளாக நிற்கிறது.