பங்குனி ஆமைக் குஞ்சை வைத்து ஒரு சிறுவர் கதை: எழுதுவதும் வரைவதும்

நற்பண்பு சொல்லும் விலங்குக் கதையை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் பண்பை முதலில் முடிவு செய்துவிட்டு, அதைச் சுமக்க ஒரு நரியையோ முயலையோ தேடுகிறார்கள். இதை மாற்றிச் செய்யுங்கள் என்பதே என் பரிந்துரை. அண்மையில் நான் எழுதி வரைந்து முடித்த 16 பக்கக் கதையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன்.

படி 1: விலங்கின் வாழ்க்கையிலிருந்து சிக்கலை எடுங்கள்

சென்னையின் பெசன்ட் நகர், நீலாங்கரைக் கடற்கரைகளில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மணலைவிட்டு வெளிவரும். வெளிச்சமான பக்கமே கடல் என்று நம்பி ஓடும். தெருவிளக்கு எரிந்தால் சாலைப் பக்கம் திரும்பிவிடும். கதை இங்கேயே கிடைத்துவிட்டது: எல்லாக் குஞ்சுகளும் விளக்கை நோக்கி ஓடுகின்றன, ஒன்று மட்டும் நின்று அலையோசையைக் கவனிக்கிறது. கூட்டம் போகிறது என்பதற்காகவே பின்னால் போகாமல் சிந்தித்து முடிவெடுக்கும் பண்பை, எவரும் வாய்திறந்து சொல்லாமலே குழந்தை கண்டுகொள்ளும். அலையோசையைக் கேட்பது என் கற்பனைதான். ஆனால் விளக்கு உண்மை என்பதால் அந்தக் கற்பனைக்கு இடம் கிடைக்கிறது.

படி 2: அறிவுரை சொல்லும் பாத்திரத்தை நீக்குங்கள்

பலரும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எழுதத் தொடங்கியதுமே ஒரு தாத்தா ஆமையோ அம்மா ஆமையோ கதைக்குள் வந்து, "கண்ணே, எதையும் யோசித்துச் செய்ய வேண்டும்" என்று பேசத் தொடங்கிவிடும். கடலாமை இதில் நமக்குப் பேருதவி செய்கிறது. தாய் ஆமை முட்டைகளை மணலில் புதைத்துவிட்டு அன்றே கடலுக்குத் திரும்பிவிடுவதால், குஞ்சு வெளிவரும்போது அறிவுரை சொல்ல ஆளே கிடையாது. முடிவை அதுவேதான் எடுத்தாக வேண்டும். உங்கள் கதையில் வேறு விலங்கு இருந்தாலும், சிக்கல் முற்றும் பக்கத்தில் பெரியவர்களை எங்காவது அனுப்பிவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் "நீதி" என்று கட்டம் கட்டுவதையும் நான் ஏற்பதில்லை. அந்தக் கட்டம் தேவைப்படுகிறது என்று தோன்றினால், கதையின் நடுப்பகுதியைத் திருத்த வேண்டும்.

படி 3: மாதிரிப் புத்தகம் செய்யுங்கள்

நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 16 பக்கம். முதலிரண்டு பக்கங்கள் தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் போக, கதைக்கு 14 பக்கம் இருக்கும். குழந்தை அடுத்த பக்கத்தைப் புரட்டத் துடிக்க வேண்டிய வரியை வலப்பக்கத்தில், அதாவது ஒற்றைப்படைப் பக்கத்தில் வையுங்கள். என் கதையில் "சின்னக் குஞ்சு நின்றது" என்பது 9ஆம் பக்கத்தில் தனி வரியாக வருகிறது.

படி 4: படம்

கணினிக்குப் போகும் முன் 2பி பென்சிலால் தாளில் வரையுங்கள்; வண்ணத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா மென்பொருளே தொடக்கநிலையினருக்குப் போதும். கடலாமைக்கு விரல்கள் தெரியும் கால்களை வரையாதீர்கள். அதற்கு இருப்பவை துடுப்புகள். தலையையும் அது ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளாது. குஞ்சு கருஞ்சாம்பல் நிறம், காட்சியோ இரவு, அப்படியே வரைந்தால் மணலில் கரைந்துவிடும். ஆகவே ஓட்டின் சாலைப்பக்க விளிம்பில் மட்டும் மெல்லிய மஞ்சள் கோடு இழுத்தேன். குஞ்சு கடல் பக்கம் திரும்பியதும் அக்கோடு நீலமாகிறது. எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தையும் நிறத்தை வைத்தே கதையைப் பின்தொடரலாம்.

படி 5: அச்சுக்கு அனுப்புதல்

படக்கோப்புக்கு வேண்டியவை: 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), சிஎம்ஒய்கே (அச்சு மைகளுக்கான நிற அமைப்பு), சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டு விளிம்பு (தாளை வெட்டும்போது கழிந்துபோகும் கூடுதல் பகுதி). திரையில் மின்னும் நீலம் தாளில் மங்கும் என்பதால் ஒரு பக்கத்தை மட்டும் முதலில் அச்சிட்டுப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: பக்கங்களை வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் "கெ", "கொ" போன்றவற்றின் கொம்பு இடம் மாறி விழுகிறது என்று சிலர் எழுதியிருந்தனர். பத்தி அமைப்பில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற தெரிவைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். எழுத்துகளைப் படத்தோடு சேர்த்து ஒரே படமாக்காமல் தனி அடுக்கில் வைத்திருங்கள். அச்சகத்தில் கடைசி நேரத்தில் ஒற்றுப்பிழை கண்ணில் பட்டாலும் திருத்த முடியும்.