கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டைப் பாருங்கள்

இன்டீரியர் டிசைன் முதலாண்டில் ‘இடமும் புலன்களும்’ என்று புராஜெக்ட் கொடுத்தால், உடனே ஸ்கெட்ச் நோட்டைத் திறக்காதீர்கள். காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் அனுமதி கேட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். (கூட ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், நிலைப்படி தடுக்கும்!) உள்ளங்காலில் ஆத்தங்குடித் தரைக்கல்லின் வழவழப்பு. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவரில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். முற்றத்தை நெருங்கும்போது முகத்தில் வெயில் படும். கை தட்டினால் ஓசையும் மாறும். அந்த இடங்களை மட்டும் பிளானில் குறியுங்கள். அப்புறம் மாடல் செய்யும்போது பெயின்ட் அடித்துச் சமாளிக்காமல் உப்புத்தாள், சாக்கு, கண்ணாடி என்று தொட்டுப் பார்க்கிற பொருளாக ஒட்டுங்கள். வாசனைக்கு ஊதுபத்தி மட்டும் வேண்டாம், வகுப்பில் பாதிப்பேர் அதைத்தான் கொண்டுவருவார்கள்.