பாலாற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்கு: வேலூர் வருவோருக்குச் சில குறிப்புகள்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: மரமில்லா மலை, நீரில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில். சாமி ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோட்டைக்குள் இருக்கும் தன் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். ஆறு மட்டும் ஆண்டில் பாதிக்கு மேல் மணல்தான்.

போன முறை தங்கை மகன் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தபோது, "மாமா, பசங்களுக்குக் கடல் காட்டணும், மெரினாவுக்கே போயிடலாமா?" என்றான். வேண்டாம்டா, பாலாற்றைப் பிடித்துக்கொண்டு போ என்றேன். கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில்தான் அது கடலில் சேர்கிறது.

மேல்விஷாரம், ஆற்காடு, வாலாஜா, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று வழி போகும். முதல் நிறுத்தம் மாமல்லபுரம், அதுவரை சுமார் 135 கிலோமீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்கே வண்டியை எடுத்துவிடுங்கள். ஐந்து ரதங்களைச் சுற்றி நிழல் குறைவு, பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. பேருந்து என்றால் காஞ்சியிலும் செங்கல்பட்டிலும் மாறலாம், ஆனால் குழந்தைகளோடு வாடகை வண்டிதான் நல்லது.

நுழைவுச்சீட்டு வாங்கும்போது கவனம். இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவருக்கு 2021 அறிவிக்கைப்படி இந்தியக் கட்டணம்தான். தங்கை மகன் அட்டையை வீட்டுப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, கவுன்டரில் பாஸ்போர்ட்டை நீட்டி 600 கட்டினான். அதே சீட்டில் கடற்கரைக் கோயிலும் ரதங்களும் பார்த்துவிடலாம். அர்ச்சுனன் தபசுப் பாறைக்குச் சீட்டே வேண்டாம். அதில் முன்னங்கால்களைத் தூக்கி நின்று தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிக் காலடியில் கூடியிருக்கும் எலிகளையும் பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் நச்சரிப்பு இருக்காது.

நான் அதிக நேரம் நிற்பது அடுத்து வரும், கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில். டச்சுக்காரர்கள் மஸ்லின் துணிக்காக வந்து உட்கார்ந்த ஊர். செங்கல் கோட்டைக்குள் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பூட்டியிருந்தால் காவலாளியிடம் பொறுமையாகக் கேளுங்கள். கல்லில் டச்சு எழுத்து இழை இழையாகச் செதுக்கியிருக்கும். விரலை வைத்துத் தடவினால் எழுத்தின் விளிம்பு இன்னும் உறுத்துகிறது. பக்கத்திலேயே அணுமின் நிலையம், அதனால் டிரோன் விளையாட்டெல்லாம் கூடாது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் தெற்கே போனால் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலம். வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கீழே பாருங்கள், நம்ம பாலாறு. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தண்ணீரும் இருக்கும். நேரமிருந்தால் இன்னும் தெற்கே, கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760-இல் ஆங்கிலேயர் இடித்துப்போட்ட மிச்சம். உப்பங்கழியில் படகு கிடைக்கும், ஏறுமுன் பேரம் பேசிவிடுங்கள்.

இந்தக் கரை முழுக்க அலை இழுக்கும். முழங்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வெளிநாட்டில் நீச்சல் கற்றவர்களும்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது வந்தால் வஞ்சிரம் விலை கேட்டு மலைத்துப்போவீர்கள்.

திரும்பும்போது ஆற்காட்டுக்குள் நுழைந்து மக்கன் பேடா என்ற இனிப்பை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தின்றுவிடுங்கள். ஜீரா ஒழுகும், விமானப் பெட்டிக்குள் வைக்கிற பண்டமில்லை.