பிடிக்காத புத்தகத்தை எழுதியவரிடம் எப்படி நடந்துகொள்வது? படிப்படியாக ஒரு விளக்கம்

ஆசையாக எடுத்த நாவல். முந்நூறு பக்கம் தாண்டி, எரிச்சலோடு மூடி வைத்திருக்கிறீர்கள். கை தானாக மொபைலுக்குப் போகிறது. "இதெல்லாம் ஒரு எழுத்தா, இவரெல்லாம் ஒரு எழுத்தாளரா" என்று முதல் வரி மனசுக்குள் தயாராக இருக்கிறது. அந்த நிமிடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வாசிக்கத் தொடங்கி, வாசித்ததைப் பற்றி நாலு பேரிடம் பேசவும் ஆரம்பித்திருப்பவர்களுக்கானது இது.

புத்தகம் மோசம் என்றால் மோசம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. மென்று விழுங்க வேண்டாம். பொய்யாகப் புகழ்வது எழுதியவருக்கும் நல்லதில்லை, அதை நம்பி வாங்கப்போகும் வாசகருக்கும் நல்லதில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: உங்கள் சண்டை புத்தகத்தோடு இருக்கட்டும். அட்டையைத் தாண்டி, எழுதியவரின் வீட்டு வாசல்வரை அது போக வேண்டாம்.

படி 1: ஒரு ராத்திரி ஆறப்போடுங்கள்

புத்தகத்தை மூடிய கையோடு எழுதாதீர்கள். அந்த நேரத்துக் கோபத்தில் பாதி புத்தகத்தின் மேல் இருக்காது. "ஆகா ஓகோ" என்று சொல்லி உங்களை வாங்க வைத்த நண்பர் மேல் இருக்கலாம், வீணாய்ப் போன விடுமுறை நாள் மேல் இருக்கலாம். காலையில் எழுந்த பிறகும் எந்தக் குறை ஞாபகத்தில் நிற்கிறதோ அதுதான் புத்தகத்தின் குறை.

படி 2: எவ்வளவு படித்தீர்கள் என்று சொல்லுங்கள்

பாதியில் நிறுத்துவது தப்பே இல்லை. "80 பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை" என்பதும் ஒரு நேர்மையான கருத்துதான். பாதி படித்துவிட்டு முழுசாகப் படித்த மாதிரி தீர்ப்புச் சொல்வதுதான் தப்பு. படிக்காமலேயே சொல்வது அதைவிட மோசம். 2023 ஜூனில் ஒரு அமெரிக்க எழுத்தாளர், ரஷ்யாவைக் களமாகக் கொண்ட தன் நாவலின் வெளியீட்டைத் தேதி சொல்லாமல் தள்ளிவைத்தார். புத்தகம் இன்னும் கடைக்கே வரவில்லை. அதற்குள், உக்ரைன் போர் நடக்கும்போது ரஷ்யக் கதையா என்ற கோபத்தில், வாசகர்கள் புத்தகங்களுக்கு மதிப்பெண் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் நூற்றுக்கணக்கில் ஒற்றை நட்சத்திரங்கள் விழுந்திருந்தன.

ஆங்கிலக் கவிஞர் கீட்ஸுக்கு நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. 1818-இல் அவருடைய நெடுங்கவிதை ஒன்று வந்தது, நான்கு பாகம். குவார்ட்டர்லி ரிவியூ இதழில் அதைக் கிழித்துத் தொங்கவிட்ட குரோக்கர், முதல் பாகத்துக்கு மேல் தன்னால் படிக்க முடியவில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டார். கேலியாகத்தான் சொன்னார். ஆனாலும் வாசகருக்கு உண்மை தெரிந்தது, எவ்வளவு நம்புவது என்று அவர்களே முடிவு செய்துகொள்ள முடிந்தது. அதே ஆண்டு பிளாக்வுட்ஸ் இதழில் லாக்ஹார்ட் எழுதியது வேறு ரகம். கீட்ஸ் மருந்தாளராகப் பயிற்சி பெற்றவர். "பட்டினி கிடக்கும் கவிஞனாக இருப்பதைவிடப் பட்டினி கிடக்கும் மருந்தாளனாக இருப்பதே மேல், கடைக்கே திரும்பிப் போ" என்கிற தொனியில் எழுதினார், அதுவும் சொந்தப் பெயரைப் போடாமல். அது கவிதையைப் பற்றிய பேச்சே இல்லை, ஒரு இளைஞனின் பிழைப்பைப் பற்றிய ஏளனம். கீட்ஸ் 1821-இல், 25 வயதில் இறந்தார். விமர்சனம்தான் கொன்றது என்று கவிஞர் ஷெல்லி போன்றவர்கள் நம்பினார்கள். கொன்றது காசநோய். இருந்தாலும் அந்த இரண்டு கட்டுரைகளுக்கும் நடுவில் இருக்கும் கோடு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

படி 3: குறைக்குப் பெயர் வையுங்கள்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். "பிடிக்கல", "போர்", "மொக்கை" என்ற வார்த்தைகளோடு நின்றுவிட்டால், சொல்ல வேறு ஒன்றும் இல்லாமல் அடுத்து ஆளைத் திட்டத்தான் வாய் போகும். குறைக்குச் சரியான பெயர் கிடைத்துவிட்டால் கோபம் தானாக வடிவத்துக்கு வந்துவிடும்.

நமக்கு அந்தப் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஒரு நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களை அடுக்குகிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோனவர்கள் இப்போது எடுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் நேற்றுப் படித்த நாவலைப் பற்றிச் சொன்ன மாதிரியே இருக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் குன்றக் கூறல். ஒரு சாவுக்கு நாலு பக்கம் அழுதால் மிகைபடக் கூறல். நாயகியின் கண்ணை ஏழாவது தடவை வர்ணித்தால் கூறியது கூறல். மூன்றாம் அத்தியாயத்தில் ஒற்றைப் பிள்ளையாக இருந்தவனுக்குப் பத்தாம் அத்தியாயத்தில் அக்கா வந்தால் மாறுகொளக் கூறல். வார்த்தைகள் அழகாக ஓடி, உள்ளே ஒன்றும் இல்லாமல் இருந்தால் வெற்றெனத் தொடுத்தல். எனக்கு மிகவும் பிடித்த பெயர் சென்று தேய்ந்து இறுதல். பிரமாதமாகத் தொடங்கி, போகப்போக மெலிந்து, கடைசியில் காணாமல் போகிற எழுத்து. எத்தனை நாவல்களின் இரண்டாம் பாதிக்கு இந்த மூன்று சொல் போதும்!

பத்தும் நூலின் மேல் வைத்த குற்றங்கள் என்பதையும் கவனியுங்கள். எழுதியவரின் குணம், வயது, பிழைப்பு, குடும்பம் பற்றி அந்தப் பத்தில் ஒன்றுகூட இல்லை.

பவணந்தியார் நாவலை மனதில் வைத்துச் சொன்னதில்லை இது. மற்றொன்று விரித்தல், அதாவது எடுத்த விஷயத்தை விட்டு வேறெங்கோ போவது, சில நாவல்களுக்கு அழகே அதுதான். பட்டியலைச் சட்டமாகப் பிடித்துக்கொள்ளாமல், பெயர் தேடும்போது மட்டும் திறந்து பாருங்கள்.

நான் பென்சிலோடுதான் படிப்பேன். இடறும் இடத்தில் ஓரத்தில் ஒரு சொல்: "இழுவை", "நம்பமுடியல", "ஏற்கெனவே சொன்னது". படித்து முடித்து அந்தக் குறிப்புகளைப் புரட்டினால், மொத்தப் புத்தகமும் மோசம் என்று நினைத்தது பல தடவை இரண்டு அத்தியாயத்தின் கோளாறாகச் சுருங்கியிருக்கிறது.

படி 4: அவர் எதை எழுத நினைத்தார்?

அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் 1975-இல் வந்த தன் கட்டுரைத் தொகுப்பின் முன்னுரையில், விமர்சனம் எழுதுகிறவர்களுக்குச் சில விதிகள் சொல்லியிருக்கிறார். முதல் விதி: எழுதியவர் என்ன செய்ய விரும்பினார் என்று புரிந்துகொள்ளப் பாருங்கள், அவர் முயலாத ஒன்றை எட்டவில்லை என்று குறை சொல்லாதீர்கள். மெதுவாக நகரும் குடும்பக் கதையில் துப்பறியும் கதையின் வேகம் இல்லை என்பது புகார் ஆகாது. அது உங்களுக்கு ஏற்ற புத்தகம் இல்லை, அவ்வளவுதான். அப்படியே சொல்லுங்கள்.

அட்டை, தாளின் தரம், விலை, கூரியரில் மடங்கி வந்த பக்கம் இவை எதுவும் பெரும்பாலும் எழுதியவர் கையில் இல்லை. மொழிபெயர்ப்பு நூல் என்றால் தடுமாறும் வாக்கியம் யாருடையது என்று மூலத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

படி 5: வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள்

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் யார் என்று பாருங்கள். அது புத்தகமாகவோ, அத்தியாயமாகவோ, பாத்திரமாகவோ, நீங்களாகவோ இருந்தால் சரி. "இவர்", "இவருக்கு", "இந்த ஆள்" என்று தொடங்கினால் பேனாவை எடுங்கள்.

நான் முன்பு ஒரு நாவலைப் பற்றி எழுதிய முதல் வடிவம் இது: "இவருக்குப் பெண்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாழ்க்கையில் ஒரு பெண்ணோடாவது பேசியிருப்பாரா என்று சந்தேகம். பக்கத்தை நிரப்பக் காசு வாங்கியிருப்பார்." திருத்திய பிறகு: "நாயகி வரும் காட்சிகள் அனைத்திலும் அவள் யாருக்காவது காத்திருக்கிறாள். அவள் தனியாக எடுக்கும் ஒரு முடிவுகூட எனக்குத் தென்படவில்லை. கணவன் இறந்த அத்தியாயத்தில்கூட அவள் என்ன நினைத்தாள் என்பது பக்கத்து வீட்டுக்காரர் வாய் வழியாகத்தான் வருகிறது." கடுமையில் இரண்டாவது குறைந்ததில்லை. உண்மையில் அதுதான் அதிகம் வலிக்கும், ஏனென்றால் அதை மறுக்க வேண்டுமானால் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும். முதலாவதில் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஊகம்.

பாத்திரம் பேசுவதை எழுதியவரின் கருத்தாக எடுத்துக்கொள்வதும் இதே வகைத் தவறு. கொலைகாரனை எழுத ஒருவர் கொலை செய்திருக்க வேண்டியதில்லை. அதே சமயம், ஒரு புத்தகம் ஒரு சாராரை இழிவு செய்கிறது என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். எந்தப் பக்கம், எந்த வரி, ஏன் என்று காட்டிச் சொல்லுங்கள்.

படி 6: நட்சத்திரம்

தளத்தின் அளவுகோலைப் பாருங்கள். குட்ரீட்ஸில் ஒன்றுக்குத்தான் "பிடிக்கவில்லை" என்று பொருள், இரண்டு என்றாலே "பரவாயில்லை". எழுதியவரோடு உங்களுக்கு வேறு ஏதாவது மனஸ்தாபம் இருந்தால் நட்சத்திரமே போடாதீர்கள்.

படி 7: அவரிடமே சொல்ல வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். விமர்சனம் மற்ற வாசகர்களுக்கானது. அதில் எழுதியவரை டேக் செய்வது, கூட்டத்தில் ஒருவரைத் திட்டிவிட்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்கச் சொல்வது போல. அவர் வீட்டு விசேஷப் படத்துக்குக் கீழே போய் நாவலின் முடிவைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ஒரு முறை கையெழுத்துக்காக நீண்ட வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் புத்தகத்தை நீட்டிக்கொண்டே, "சார், இது சுத்த மொக்கை சார், ஃபிரெண்டு கேட்டான்னு வாங்கினேன்" என்றார். எழுத்தாளர் அதற்குள் தன் பெயரில் முதல் இரண்டு எழுத்து போட்டிருந்தார். பேனா அங்கேயே நின்றது. பிறகு தலை நிமிராமல் மீதியை எழுதிக் கொடுத்தார். நான் போனபோதும் அவர் நிமிரவில்லை.

அவராகவே "எப்படி இருந்தது?" என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். "எனக்கு முழுசா ஒட்டலை சார். அந்த ரயில் அத்தியாயம் மட்டும் மனசுல நிக்குது" என்று உண்மையாகப் பிடித்த ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றுமே பிடிக்கவில்லை என்றால், "எனக்கான புத்தகமா அமையலைங்க" போதும். மேலும் கேட்டால் விவரமாகச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

எழுதியவர் நண்பர் என்றால்தான் கஷ்டம். அச்சுக்குப் போகும் முன் காட்டினார் என்றால் மனதில் உள்ள அத்தனையையும் கொட்டுங்கள், அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய உதவி கிடையாது. அச்சாகி வந்தபின் காட்டினால் அவரால் ஒரு வரியையும் மாற்ற முடியாது. கேட்ட கேள்விக்கு மட்டும், தனியாக இருக்கும்போது, நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

ஒரே விதிவிலக்கு தகவல் பிழை. ஆண்டோ பெயரோ தவறாக இருந்தால் பதிப்பு, பக்க எண்ணோடு பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்வார்கள்.

படி 8: விட்டுவிடுங்கள்

ஒரு தடவை சொன்னது போதும். அவருடைய ஒவ்வொரு புது அறிவிப்புக்கும் பின்னாலேயே போய்ப் பழைய புத்தகத்தை இழுப்பது விமர்சனம் ஆகாது. எழுதவே கூடாது என்று மிரட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் கண்ணெதிரில் பார்த்திருக்கிறோம். 2015 ஜனவரியில் பெருமாள்முருகன், எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்து எழுதுவதை நிறுத்தினார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், படிப்பதும் படிக்காததும் வாசகரின் தேர்வு, பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள் என்றது. அவர் மீண்டு வந்து எழுதட்டும் என்றும் சொன்னது.

நான் தூக்கிப் போடுவதில்லை, யாருக்காவது கொடுத்துவிடுவேன். மேலே சொன்ன அந்த நாவலை ஒரு தோழிக்குக் கொடுத்தேன். என் பென்சில் குறிப்புகளை அழிக்க மறந்துவிட்டேன். நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. கணவன் இறந்த அத்தியாயத்தின் ஓரத்தில் நான் "இழுவை" என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே அவள் நீல மையில் எழுதியிருந்தாள்: "இங்கே மூடி வச்சிட்டு அம்மாவுக்கு போன் பண்ணேன்."