கர்ப்பிணிக்குச் சிவப்பு மாத்திரை: எப்போது, எதோடு

கர்ப்பிணி வீடுகளுக்குப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்கான குறிப்பு இது. சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரையைத் துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் அட்டை வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது.

மாத்திரை ஒன்றில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கும். நான்காம் மாதம் தொடங்கி நாளுக்கு ஒன்று, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பின் இன்னும் 180 நாள். முதல் மூன்று மாதம் போலிக் அமிலம் மட்டும்.

கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒன்றாக விழுங்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. காலையும் மதியமும் சாப்பாட்டோடு 500 மி.கி. கால்சியம். இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப்போகும் முன் சிவப்பு மாத்திரை. பாலிலும் கால்சியம் இருப்பதால், படுக்கும்போது பால் குடிக்கிற வழக்கத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். டீ, காபியும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம். எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும்.

மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. மலச்சிக்கலுக்குக் கீரை, பழம், நிறையத் தண்ணீர். குழந்தை கறுத்துப் பிறக்கும் என்ற பேச்சு பல ஊரில் உண்டு. மாத்திரைக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதை மாமியாரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். கர்ப்பிணியிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அட்டை பரணில்தான் கிடக்கும்.

100 மி.லி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 7 முதல் 10.9 வரை இருந்தால், டாக்டர் சொல்படி நாளுக்கு இரண்டு மாத்திரை. ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது 1 கிராம்கூட ஏறவில்லையா? முதலில் மீதி மாத்திரையை எண்ணுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். ஊசி வழியாக இரும்பு ஏற்ற வேண்டியிருக்கலாம். 7-க்கும் கீழே என்றால் தாமதிக்காமல் மருத்துவமனை. கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும் என்பதால், முதல் மூன்று மாதத்துக்குப் பின் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை 400 மி.கி. ஒரே ஒரு தடவை கொடுப்பார்கள்.

அங்கன்வாடி சத்துமாவு கர்ப்பிணியின் கணக்கில் வருவது. நாளுக்கு 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்பதுதான் திட்டம். வீட்டில் எல்லோரும் பங்குபோட்டால் அவளுக்கு ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். கஞ்சி சலித்துவிட்டால் வெந்நீர் தெளித்து உருண்டை பிடிக்கலாம், கொழுக்கட்டை அவிக்கலாம். வீட்டில் அரைக்கும் கேழ்வரகு, பயறு மாவும் நல்லதுதான். ஆனால் அது மாத்திரைக்கு ஈடாகாது.

ரேஷனில் செறிவூட்டப்பட்ட அரிசி வந்தால், நிறம் மாறித் தெரியும் மணிகளைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறியாதீர்கள். அரிசி மாவில் இரும்பு, போலிக் அமிலம், பி12 கலந்து வார்த்த மணிகள் அவை. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கிறார்கள். லேசாகக் களைந்து, கஞ்சி வடிக்காமல் பொங்குங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, சர்க்கரை பூசிய சிவப்பு மாத்திரை சின்னப் பிள்ளைகளுக்கு மிட்டாயாகத் தெரியும். நாலைந்து உள்ளே போனாலே ஆபத்து. எட்டாத உயரத்தில், மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். விழுங்கியது தெரிந்தால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.