பி0101 வந்தால் உடனே ஏர் ஃப்ளோ சென்சாரை மாற்றாதீர்கள்

டீசல் வண்டியில் ஸ்கேனர் காட்டும் பி0101 (P0101) என்ற எரர் கோடு சொல்வது இவ்வளவுதான்: இன்ஜினுக்குள் போகும் காற்றை ஏர் ஃப்ளோ சென்சார் அளந்த அளவும் இசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) எதிர்பார்த்த அளவும் ஒத்துவரவில்லை. குற்றம் சென்சாரில்தான் என்று அது சொல்லவில்லை. பிக்கப் குறைவு, ஏற்றத்தில் கரும்புகை, லிம்ப் மோடு (இன்ஜின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்வது) எல்லாமே வேறு கோளாறிலும் வரும்.

முதலில் ஏர் ஃபில்டர் பெட்டி. மேலூர்ப் பக்கம் குவாரிச் சாலையில் ஓடும் வண்டி என்றால் ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கம் உள்ள பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே தூசி ஒட்டினால் ஃபில்டர் ஓரம் சரியாக உட்காரவில்லை. புது சென்சாரும் சீக்கிரம் கெடும். பிறகு சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ஹோஸை மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள், முக்கியமாக அடிப்பக்கம். அங்கே விரிசல் இருந்தால் அளக்காத காற்று உள்ளே போகும், ரீடிங் குறையும்.

அடுத்து சென்சாரின் கப்ளர் (வயர்கள் வந்து மாட்டும் பிளக்). சாவி ஆன், இன்ஜின் ஆஃப். ஐந்து வயர் அனலாக் வகையில் ஒன்றில் 12 வோல்ட், ஒன்றில் 5 வோல்ட், ஒன்றில் நல்ல எர்த் இருக்கவேண்டும். கப்ளரை மாட்டியபடியே பின்னாலிருந்து ஊசி முனை புரோபை விட்டு சிக்னல் வயரைப் பாருங்கள்: பாஷ் வகைகளில் 1 வோல்ட்டை ஒட்டி வரும், ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) 2 வோல்ட் பக்கம் ஏறும். வயரைக் குத்தி ஓட்டை போடவேண்டாம், மழைக்காலத்தில் பச்சை பிடிக்கும். காற்று வெப்பநிலை மைனஸ் 40 என்று காட்டினால், மதுரையில் அதற்கு ஒரே அர்த்தம்: வயரிலோ கப்ளரிலோ சென்சாருக்குள்ளோ இணைப்பு அறுந்திருக்கிறது.

பலர் சறுக்குவது இஜிஆரில் (புகையின் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு). இஜிஆர் திறந்திருந்தால் புகைக்காற்று உள்ளே வருவதால் புதுக்காற்று குறையும், சென்சார் நன்றாக இருந்தாலும் ரீடிங் இறங்கும். அதனால் மின்சார இஜிஆர் வால்வின் கப்ளரைக் கழற்றிவிட்டு (ஸ்பிரிங் அதை மூடிவிடும்) அளவெடுங்கள். 1248 சிசி நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டர் 312 சிசி. 35 டிகிரி வெயிலில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.13 கிராம். ஆக முழுதாக நிரம்பினால் 350 மில்லிகிராம். நிஜத்தில் 300 பக்கம் வரும். 800 ஆர்பிஎம் ஐடிலில் இது விநாடிக்கு சுமார் 8 கிராம். மலிவான ப்ளூடூத் ஸ்கேனரே இதைக் காட்டும். கப்ளரைக் கழற்றியும் 5 கிராமிலேயே நின்றால், வால்வு கரி பிடித்துத் திறந்தபடி மாட்டியிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். வால்வும் ஹோஸும் சரி என்றால்தான் சென்சார் மேல் சந்தேகம்.

அப்போதும் முதலில் சுத்தம் செய்யுங்கள். ஏர் ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரே மட்டும். கார்ப் கிளீனர், கம்ப்ரசர் காற்று, பஞ்சு மூன்றும் கூடாது. நன்றாகக் காயவிட்டு மாட்டி, எரர் கோடை அழித்து, ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பார்ட் நம்பர் பார்த்து அசல் வாங்குங்கள். டூப்ளிகேட்டின் அளவுக்கணக்கு இசியூவுடன் பொருந்தாது, கரும்புகை திரும்ப வரும்.

பிறகு சேர்த்தது: புதிய வண்டிகள் சிலவற்றில் சிக்னல் வோல்ட்டாக இல்லாமல் அதிர்வெண்ணாக (ஃப்ரீக்வென்சி) வரும். அங்கே மீட்டரை வோல்ட்டில் வைத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. ஹெர்ட்ஸில் வைத்து, ரேஸ் கொடுக்கும்போது அளவு சீராக மாறுகிறதா என்று பாருங்கள்.