எகனாமிக்ஸ் படிக்க உட்காரும்போது கையில் பென்சில் இருக்கட்டும்

முதல் செமஸ்டர் தேர்வில் நான் எழுதிய ஒரு பதில் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. "விலை ஏறினால் தேவை குறையும். தேவை குறைந்தால் விலை குறையும். விலை குறைந்தால் தேவை கூடும். தேவை கூடினால்..." என்று அரைப் பக்கத்துக்குச் செக்கு மாடு மாதிரி சுற்றியிருந்தேன். விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: "கடைசியில் விலை ஏறியதா, இறங்கியதா?"

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாடத்தை மூன்று முறை வாசித்திருந்தேன், அடிக்கோடெல்லாம் போட்டிருந்தேன். படத்தை மட்டும் ஒரு தடவைகூட நானே வரைந்து பார்க்கவில்லை.

வரைந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். தேவை என்பது முழுக் கோடு. தேவைப்படும் அளவு என்பது அந்தக் கோட்டின் மேல் இருக்கும் ஒரு புள்ளி. விலை மாறினால் புள்ளி கோட்டின் மேலேயே நகரும், கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். வாங்குபவர்களின் வருமானமோ, ரசனையோ, மாற்றுப் பொருளின் விலையோ மாறினால்தான் கோடே இடம்பெயரும். பேச்சில் இரண்டையும் "தேவை" என்றே சொல்லிப் பழகிவிட்டதால்தான் இந்தச் சுற்றல். முதலாண்டில் மதிப்பெண் போவது பாதிக்கு மேல் இந்த ஒரு குழப்பத்தில்தான் என்பது, பின்னால் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது எனக்குப் பட்டது.

அதனால் முதல் பழக்கம் இது. புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் இரண்டு அச்சுகளை வரைந்து, கோடு போடுவதற்கு முன்பே அச்சுகளுக்குப் பெயர் எழுதுங்கள். அப்புறம் தேவைக் கோடு, அளிப்புக் கோடு, இரண்டும் வெட்டும் புள்ளியில் பழைய சமநிலை. இப்போது "என்ன நடந்தது?" என்று கேட்டு, அந்தச் செய்தி வாங்குபவரைத் தொடுகிறதா விற்பவரைத் தொடுகிறதா என்று முடிவு செய்து, ஒரே ஒரு கோட்டை மட்டும் நகர்த்துங்கள். புதிய சமநிலையைக் குறியுங்கள். பதில் அங்கே இருக்கும். இரண்டு கோடும் தானாக நகர வேண்டும் என்று கை துடித்தால், என்னுடைய அரைப் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கணக்கு வகுப்பில் எது காரணமோ அது கிடைமட்ட அச்சில் இருக்கும். இங்கே விலைதான் காரணம் என்று சொல்லிவிட்டு அதைக் கொண்டுபோய்ச் செங்குத்து அச்சில் வைப்பார்கள். பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட நூல் வழியாக நிலைத்துவிட்ட வழக்கம் இது. யாரும் மாற்றப் போவதில்லை. ஆகவே சமன்பாட்டிலிருந்து படத்துக்குப் போகும்போது ஒரு முறை திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

சரி, கணக்கு. "எகனாமிக்ஸுக்குக் கணக்கு எவ்வளவு வேண்டும்?" என்று கேட்காதவர் இல்லை. இளங்கலைக்கு வகையிடல், பகுதி வகையிடல், லக்ராஞ்சி பெருக்கி (கட்டுப்பாட்டுக்குள் உச்சம் காணும் முறை), இரண்டு மூன்று சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பது, அடிப்படைப் புள்ளியியல். பெரும்பாலான இடங்களில் இது போதும். ஆனால் இந்தக் கொஞ்சமும் கையில் ஓட வேண்டும். "இறுதிநிலை" (இன்னும் ஓர் அலகு கூட்டினால் எவ்வளவு மாறும் என்பது) என்ற சொல் வரும் இடமெல்லாம் உள்ளே ஒரு வகைக்கெழு ஒளிந்திருக்கிறது. இது தெரிந்த அன்றைக்கு எனக்குப் பாதிப் பாடப்புத்தகம் சுருங்கிப்போனது.

ஒன்றைச் செய்தே பார்த்துவிடலாம். அளவை அ என்றும் விலையை வி என்றும் வைத்துக்கொள்வோம். தேவைச் சமன்பாடு: அ = 100 − 2வி. விலை 10 என்றால் அளவு 80, மொத்த வருவாய் 800. விலை 25 என்றால் அளவு 50, வருவாய் 1250. விலை 40 என்றால் அளவு 20, வருவாய் மறுபடி 800. நேர்கோடுதான், சாய்வு எங்கும் ஒன்றுதான். ஆனால் நெகிழ்ச்சி, அதாவது விலை ஒரு சதவீதம் மாறினால் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்பது? சாய்வை (இங்கே 2) விலையால் பெருக்கி அளவால் வகுத்துப் பாருங்கள். விலை 10-இல் 0.25, 25-இல் 1, 40-இல் 4. சாய்வும் நெகிழ்ச்சியும் ஒன்றல்ல என்று புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். இந்த மூன்று எண்களையும் நீங்களே போட்டுப் பார்த்தால்தான் அது தலையில் தங்கும்.

இப்போது சமன்பாட்டைத் திருப்புங்கள்: வி = 50 − அ/2. அளவால் பெருக்கினால் வருவாய். அதை வகையிட்டால் இறுதிநிலை வருவாய் 50 − அ. இது சுழியாவது அளவு 50-இல். வருவாய் உச்சமும் அங்கேதான், நெகிழ்ச்சி 1 ஆவதும் அங்கேதான். மூன்று தனித்தனி அத்தியாயங்களில் படித்த விஷயம் ஒரே தாளில் ஒரே புள்ளியில் வந்து உட்காருகிறது. எனக்கு இந்தப் படிப்பு பிடித்துப்போனது இந்தக் கணக்கில்தான் என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள்.

வெறும் எண் இருக்கும் பழைய எடுத்துக்காட்டுகளையும் விடாதீர்கள். நாடுகள் ஏன் வணிகம் செய்கின்றன என்பதற்குப் பொருளியலாளர் ரிக்கார்டோ 1817-இல் கொடுத்த கணக்கு நான்கே எண்கள். ஓர் அலகு துணி நெய்ய இங்கிலாந்துக்கு ஓராண்டுக்கு 100 ஆட்கள், ஓர் அலகு வைன் செய்ய 120. போர்ச்சுகலுக்குத் துணிக்கு 90, வைனுக்கு 80. இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டி. பிறகு எதற்கு வணிகம்? ஓர் அலகு வைனுக்காக இங்கிலாந்து விட்டுக்கொடுப்பது 1.2 அலகு துணி. போர்ச்சுகல் விட்டுக்கொடுப்பது 0.89 தான். ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டால், 120 பேர் செய்ய வேண்டிய வைன் இங்கிலாந்துக்கு 100 பேரின் உழைப்பில் கிடைக்கிறது. போர்ச்சுகலுக்கு 90 பேரின் துணி 80 பேரில். "ஒப்பீட்டு நன்மை" என்று வரையறையை மனப்பாடம் செய்தவர்களிடம் இந்த 20-உம் 10-உம் எங்கிருந்து வந்தன என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள்.

மேக்ரோவுக்கு, அதாவது நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பற்றிய பாடத்துக்கு, வேறு மாதிரி படிக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் பக்கத்தில் அது எழுதப்பட்ட ஆண்டைக் குறித்துவையுங்கள். கெயின்ஸின் பெரிய நூல் 1936, அதாவது பெருமந்தத்துக்கு நடுவே. வேலையின்மை குறைந்தால் கூலி வேகமாக ஏறும் என்று காட்டும் பிலிப்ஸ் வளைகோடு 1958: 1861 முதல் 1957 வரையிலான பிரிட்டனின் வேலையின்மையையும் கூலி உயர்வையும் வைத்து வரைந்தது. (பிலிப்ஸ் முதலில் பொறியியல்காரர். பொருளாதாரத்தில் வருமானம் சுற்றி வருவதைக் குழாய்களில் நிறத்தண்ணீர் ஓடவிட்டுக் காட்டும் இயந்திரம் ஒன்றை 1949-இல் செய்தார். அதன் படத்தைத் தேடிப் பாருங்கள், வட்ட ஓட்டம் என்ற பாடம் மறக்கவே மறக்காது.) அறுபதுகளின் இறுதியில் ஃப்ரீட்மனும் ஃபெல்ப்ஸும், பணவீக்கம் பற்றிய மக்களின் எதிர்பார்ப்பு மாறினால் அந்த வளைகோடே நகர்ந்துவிடும் என்றார்கள். எழுபதுகளில் பணவீக்கமும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறின. வரிசையாகப் பார்த்தால் இது ஒரு நீண்ட வாக்குவாதம். தனித்தனியாக மனப்பாடம் செய்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் குறிப்புகள். நான் வீட்டுச் சுவரில் ஒரு காலக்கோடு ஒட்டிவைத்திருந்தேன். அசிங்கமாக இருந்தது, ஆனால் உதவியது.

தரவை வைத்துக் கோட்பாட்டைச் சோதிக்கும் எகனாமெட்ரிக்ஸைப் பலர் சூத்திரமாகப் படித்துக் கடக்கிறார்கள். சூத்திரம் கிடக்கட்டும், ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து அதன் அட்டவணையைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். கார்டும் க்ரூகரும் 1994-இல் வெளியிட்ட குறைந்தபட்சக் கூலிக் கட்டுரை தொடங்குவதற்கு நல்லது. நியூ ஜெர்சி 1992-இல் கூலியை உயர்த்தியது, பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரண்டு பக்கமும் துரித உணவகங்களில் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று முன்னும் பின்னும் கணக்கெடுத்தார்கள். உணவகத்துக்குச் சராசரியாக நியூ ஜெர்சியில் 20.44-இலிருந்து 21.03, பென்சில்வேனியாவில் 23.33-இலிருந்து 21.17. ஒரு பக்கம் 0.59 கூடியது, மறுபக்கம் 2.16 குறைந்தது. வித்தியாசங்களுக்கு இடையிலான வித்தியாசம் 2.75, அதாவது கூலி ஏறியும் வேலை குறையவில்லை. ஆனால் கட்டுரையில் 2.76 என்று இருக்கும்! அந்த 0.01 எங்கே போனது என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். அச்சில் இருப்பவை தசமத்தில் முழுதாக்கப்பட்ட எண்கள், அவர்கள் கழித்தது முழுதாக்காத எண்களை. அவ்வளவுதான். ஆனால் அந்த மாலையில் அந்த முறையின் உள்ளும் புறமும் எனக்குத் தெரிந்துவிட்டது. பென்சில்வேனியா எதற்கு, அது இல்லாவிட்டால் என்ன தப்பாகும், இரண்டு மாநிலமும் மற்றபடி ஒரே போக்கில் போயிருக்கும் என்ற அனுமானம் எங்கே நுழைகிறது, எல்லாம். அதே விஷயத்தைச் சம்பளப் பட்டியல் தரவை வைத்து நியூமார்க்கும் வாஷரும் மறுத்து எழுதியது 2000-இல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கார்டுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது; க்ரூகர் 2019-லேயே இறந்துவிட்டார்.

எக்செல் போதுமா, ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்க வேண்டுமா என்றால், இரண்டாம் ஆண்டுக்குள் ஆர் தொடங்கிவிடுங்கள். இலவசம். முதல் மாதம் எரிச்சலாக இருக்கும்.

தேர்வுக்கு முந்தைய வாரம் குறிப்புகளை மறுபடி வாசிப்பது வீண்வேலை. பழைய வினாத்தாள், கடிகாரம், வெள்ளைத்தாள். "விவாதிக்க" என்று வந்தால் எந்த அனுமானம் உடைந்தால் முடிவு மாறும் என்று எழுதுங்கள், அங்கேதான் கூடுதல் மதிப்பெண் இருக்கிறது.

மாட்டிக்கொண்டால் ஆசிரியரிடம் போகத் தயங்காதீர்கள், ஆனால் "புரியவில்லை சார்" என்று வெறுங்கையோடு போகாதீர்கள். போட்ட தாளை எடுத்துக்கொண்டு போய், "மூன்றாவது வரி வரைக்கும் வந்தேன், நாலாவது எப்படி வந்தது?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டபோதெல்லாம் எனக்கு ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கிறது. இரண்டு தடவை, புத்தகத்தின் பின்பக்கம் கொடுத்திருந்த விடையே தப்பு என்று தெரிந்து, அவரும் நானும் சிரித்திருக்கிறோம்.